ஆலையில் ஒரு குருகுலம்

ஞானத்தை ஞானத்திற்காகவே நாட வேண்டுமா, அல்லது ஒரு பிரயோஜனத்தைக் கருதி நாடினாலும் அது ஞானமாகவே நிற்குமா என்ற கேள்வி, துறவிகளும் தத்துவவாதிகளும் விவாதித்து ஓய்ந்துவிட்ட பழங்கேள்வி அன்று. கணிதத்தில் ஆராய்ச்சிப் பட்டத்திற்காகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, லென்ஸ்களும் ஒளிக்கருவிகளும் செய்யும் ஒரு தொழிற்சாலை கொண்டுவந்து வைத்த பிரச்னையைத் தன் ஆய்வுப் பொருளாக ஏற்றுக்கொள்ளும் மாணவன், தன்னை அறியாமலே அந்தக் கேள்வியின் நடுவில் வந்து நிற்கிறான். அவன் தேடுவது சத்தியமா, சரக்கா? அவனுக்கு ஆசான் பேராசிரியரா, பணம் கொடுக்கும் கம்பெனியா? சுத்த கணிதத்தில் ஈடுபட்ட நண்பர்கள் அவனைச் சற்றே இரக்கத்தோடு பார்க்கிறார்கள். ஆலையில் உள்ள பொறியாளர்களோ இன்னும் உலகம் தெரியாத பிள்ளை என்று அவனைக் கருதுகிறார்கள். இரண்டு பார்வைகளும் தவறு என்பதும், அவன் நிற்கும் இடம் சத்தியத்தைத் தேடுவதற்கு மிகவும் உகந்த இடங்களுள் ஒன்று என்பதும் என் துணிபு. ஆனால் அந்தத் துணிபுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதை உரிய இடத்தில் சொல்வேன்.

இந்த விஷயத்தில் சாஸ்திரங்களைத் துணைக்கு அழைப்பவர்கள் பெரும்பாலும் பரவித்தை, அபரவித்தை என்ற பாகுபாட்டை எடுத்துக் காட்டி, சுத்த கணிதம் மேலானது, தொழிலுக்கு உதவும் கணிதம் கீழானது என்ற முடிவுக்கு விரைந்து வந்துவிடுகிறார்கள். முண்டக உபநிஷத்தை நிதானமாகப் படிப்பவர்களுக்கு, இந்த முடிவுக்கு அங்கே இடமில்லை என்பது விளங்கும். சௌனகர் கேட்க அங்கிரஸ் விடை கூறும் அந்த உபநிஷத்தில், அபரவித்தை என்று ஒதுக்கப்படும் வரிசையில் நான்கு வேதங்களே முதலில் நிற்கின்றன. வியாகரணமும் சந்தமும் ஜோதிஷமும் அவற்றின் பின்னே வருகின்றன. வேதத்தையே அந்தப் பக்கத்தில் வைத்துவிட்ட ரிஷி, பகா எண்களின் ஆராய்ச்சியை மட்டும் தூக்கி இந்தப் பக்கத்தில் வைப்பார் என்று நினைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? அழிவற்ற பொருளை அறிவது ஒன்று. மற்ற எல்லா அறிவும் வேறொன்று. அந்த வேறொன்றுக்குள்ளே உயர்வு தாழ்வு இருக்குமானால், அது எதை அறிகிறோம் என்பதைப் பொறுத்ததன்று. அறிகிறவன் எந்த மனோபாவத்தோடு அதை அணுகுகிறான் என்பதைப் பொறுத்தது. ராமானுஜனை உலகுக்கு அறிமுகம் செய்த ஹார்டி, 1940-இல் எழுதிய சிறு நூலில், தம் கணிதம் எவருக்கும் எந்த உபயோகமும் இல்லாதது என்பதைக் கிட்டத்தட்ட ஒரு விரதத்தின் பெருமையோடு சொல்லிக்கொண்டார். அந்தப் பெருமைக்குப் பின்னே யுத்தத்தின் மேல் அவருக்கு இருந்த வெறுப்பு இருந்தது என்பதை அறிந்தால் அவரை வணங்கத் தோன்றுகிறது. ஆயினும் உபயோகமின்மையையே தூய்மையின் லட்சணமாகக் கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

தூய்மை எங்கே இருக்கிறது என்பதைக் காண, ஜெர்மனியில் யேனா என்னும் சிறு பல்கலைக்கழக நகரத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே 1846-இல் கார்ல் சைஸ் என்னும் கைவினைஞர் ஒரு சிறு பட்டறை திறந்து நுண்நோக்கிகள் செய்து வந்தார். அந்நாளில் லென்ஸ் தொழில் என்பது தேய்ப்பதும் பார்ப்பதும், பொருந்தாவிட்டால் மறுபடியும் தேய்ப்பதுமாகவே நடந்து வந்தது. அனுபவம் மிகுந்த கை ஒன்றே பிரமாணம். இதில் திருப்தி கொள்ளாத சைஸ், கணக்கிட்டு முன்னதாகவே தீர்மானித்து லென்ஸ் செய்ய முடியாதா என்று எண்ணி, 1866-இல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் இளம் ஆசிரியர் ஒருவரை நாடினார். அவர்தாம் எர்ன்ஸ்ட் அப்பே: ஐஸெனாக் ஊரின் நூற்பாலைத் தொழிலாளி ஒருவருக்கு 1840-இல் பிறந்தவர், நாள்தோறும் பதினான்கு, பதினாறு மணி நேரம் நின்றபடியே வேலை செய்து, இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு உணவு உண்ட தந்தையைச் சிறு வயதில் கண்ணால் கண்டவர். அந்தக் காட்சி அவர் மனத்திலிருந்து ஒருபோதும் மறையவில்லை என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கையே சாட்சி.

அப்பே கணக்கிட்டார். அந்நாளைய ஒளியியல் சாஸ்திரம், ஒளி கதிர் கதிராக நேர்கோட்டில் செல்கிறது என்னும் அடிப்படையில், லென்ஸுக்குள் நுழையும் கதிர்க் கூம்பு குறுகலாக இருந்தால் பிழைகள் குறையும் என்று கூறிற்று. அவ்வாறே குறுகலான கூம்பை ஏற்கும் லென்ஸ்கள் கணக்கிடப்பட்டன, கணக்குப்படி பிசகின்றித் தேய்க்கப்பட்டன, நுண்நோக்கியில் பொருத்தப்பட்டன. கணக்கறியாத கைகள் தடவித் தடவிச் செய்திருந்த பழைய லென்ஸ்களைக் காட்டிலும் அவை மோசமாக இருந்தன. நுண்ணிய விவரங்கள் தெரியவேயில்லை. ஒரு சுத்த கணித அறிஞரின் தாளில் இந்தக் கணக்கு இருந்திருந்தால், அதில் ஒரு பிழையும் எவராலும் கண்டுபிடிக்கப்பட்டிராது. ஏனெனில் கணக்கில் பிழை இல்லை. கணக்கு எந்தப் பிரபஞ்சத்தைப் பற்றியதோ, அந்தப் பிரபஞ்சம் நாம் வாழும் பிரபஞ்சமாக இல்லை. அதைச் சொல்ல வேறு யாராலும் முடியவில்லை, கண்ணாடியால் முடிந்தது.

அந்தத் தோல்வியை ஒரு கைவினைஞனின் குறை என்று தள்ளிவிடாமல், ஒரு கேள்வியாக ஏற்றுக்கொண்டதில்தான் அப்பேயின் பெருமை இருக்கிறது. ஒளி அலையாகையால், நுண்ணிய பொருளின் மேல் பட்டதும் அது பல திசைகளில் விரிந்து சிதறுகிறது. பொருள் எவ்வளவுக்கு எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவுக்கு அவ்வளவு அகலமாக விரிகிறது. அப்படி விரிந்த ஒளியை லென்ஸ் வாங்கிக்கொண்டால்தான் பொருளின் விவரம் பிம்பத்தில் சேரும். கூம்பைக் குறுக்கியபோது பிழையோடு செய்தியும் வெளியே நின்றுவிட்டது. 1873-இல் இதை அவர் நுண்நோக்கி வழி உயிர்க்கூறுகளை ஆராய்வோருக்கான ஒரு சஞ்சிகையில் வெளியிட்டார். எவ்வளவு திறமையாகச் செய்தாலும், ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் குறைந்த இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளைச் சாதாரண நுண்நோக்கியால் பிரித்துக் காட்ட இயலாது என்னும் எல்லை அவர் பெயராலேயே வழங்குகிறது. யேனாவில் அவருடைய நினைவுச் சின்னத்தில் அந்தச் சூத்திரத்தைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இயற்கையின் ஒரு மூல விதி, விற்பனைக்குச் செய்த சரக்கு ஒன்று விலைபோகாதபடி வந்ததால் கண்டறியப்பட்டது என்பதை நான் மறுபடியும் மறுபடியும் எண்ணிப் பார்த்து வியந்திருக்கிறேன்.

அவர் செய்து காட்டிய ஒரு சோதனை இன்றும் ஒளியியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. நெருக்கமாகக் கோடுகள் கீறிய கண்ணாடித் தகடு ஒன்றை நுண்நோக்கியின் கீழ் வைத்து, லென்ஸின் பின்னே ஒளி புள்ளி புள்ளியாகக் குவியும் தளத்தில் சிறு தடுப்புகளைச் செருக வேண்டும். நடுப்புள்ளியை மட்டும் விட்டு மற்றவற்றை மறைத்தால், கோடுகள் முற்றிலும் மறைந்து வெறும் வெளிச்சமே எஞ்சுகிறது. நடுப்புள்ளியோடு, அதற்கு அடுத்த இரண்டை மறைத்து அவற்றுக்கும் அப்பாலுள்ள இரண்டை அனுமதித்தால், தகட்டில் உள்ளவற்றைப் போல் இரண்டு மடங்கு கோடுகள், தெளிவாக, அழகாக, ஐயத்திற்கு இடமின்றிக் கண்ணுக்குத் தெரிகின்றன. இல்லாத கோடுகள் அவை! பிரத்யட்சமே முதற் பிரமாணம் என்று தர்க்க சாஸ்திரம் பயின்றவன், இந்தச் சோதனைக்கு முன்னால் ஒரு நாழிகை உட்கார்ந்திருப்பது நல்லது. காட்சி பொய்யாவது கண்ணின் நோயாலோ, அரையிருட்டினாலோ மட்டும் அன்று; கருவி எதை உள்ளே விட்டது, எதை வெளியே நிறுத்தியது என்பதாலும் கூட. கயிற்றைப் பாம்பாகக் கண்டவன் அருகே சென்று விளக்கைத் தூக்கிப் பிடித்தால் மயக்கம் தீர்கிறது. இங்கே விளக்கை எவ்வளவு தூக்கினாலும் தீராது. கணிதம் ஒன்றுதான் தீர்க்கும். ஆராய்ச்சி மாணவன் ஒருவன் ஆலையின் ஒளிமேஜை முன்பு இதைத் தன் கையாலேயே செய்து பார்க்கும்போது பெறும் விவேகத்தை, மாயாவாதம் பற்றிய நூறு உபந்நியாசங்கள் அவனுக்குத் தந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

யேனாவில் இத்தகைய மாணவர்கள் உருவானார்கள். பெர்லினில் இயற்பியல் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் பயின்று பட்டம் பெற்ற சிக்ஃபிரீட் சாப்ஸ்கி 1884-இல் அப்பேயிடம் வந்து சேர்ந்தார்; எழுதுவதில் நாட்டமில்லாத குருவின் மனத்திலும் வகுப்புகளிலும் தங்கிக் கிடந்த கொள்கைகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி 1893-இல் ஒரு நூலாக வெளியிட்டார். கணிதம் கற்ற பால் ருடால்ஃப் என்பவரும் அங்கேதான் புகைப்பட லென்ஸ்களைக் கணக்கிட்டார். 1902-இன் டெஸ்ஸார் லென்ஸ் அவர் அமைத்தது. இவர்களுக்குப் பல்கலைக்கழகம் ஒரு தெருவிலும் ஆலை அடுத்த தெருவிலும் இருந்தன. ஓட்டோ ஷாட் வந்து 1884-இல் கண்ணாடி ஆய்வுக்கூடம் நிறுவிய பிறகு, புதுக் கண்ணாடி உருக்கும் உலையும் அதே ஊரில் இருந்தது. எந்த ஒளிவிலகல் எண் வேண்டும் என்று கணிதம் கேட்க, அதற்கு ஏற்ற கண்ணாடியை உலை உருக்கித் தர, இரண்டையும் ஒரே ஊரில் கண்ட இளைஞர்கள் அவர்கள். குருகுலம் என்று நம்முடைய முன்னோர் சொன்னது, குருவின் சொல்லை மட்டுமன்றி அவருடைய வாழ்க்கையையும் அருகிருந்து பார்ப்பதையே. அந்தப் பொருளில் யேனா ஆலை ஒரு குருகுலம்தான்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இதே பயிற்சி வேறு உருவில் தோன்றியது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1982-இல் தொடங்கிய கணிதமும் அதன் பிரயோகங்களும் பற்றிய நிறுவனத்திற்கு, 1987-இல் ஆவ்னர் ஃபிரீட்மன் தலைவரானார். தொழில் நிறுவனங்களின் விஞ்ஞானிகளை வரவழைத்து, உங்களுக்கு விளங்காதது எது என்று கேட்பதும், அவர்கள் பேச்சுமொழியில் சொன்னதைக் கணிதத்தின் மொழியில் எழுதி, தீர்ந்தது எது, தீராதது எது என்று பிரித்து வெளியிடுவதும் அவர் மேற்கொண்ட முறை. அந்தக் கட்டுரைகள் பத்துத் தொகுதிகளாக வந்துள்ளன. அங்கே வந்த கேள்விகளுள் ஒன்று, அதே ஊரில் பெரிய ஆய்வுக்கூடம் வைத்திருந்த ஹனிவெல் கம்பெனி கொண்டுவந்த கீற்றணிகளைப் பற்றியது. அலைநீளத்தை ஒத்த அளவுக்கு நுண்ணிய பள்ளங்கள் செதுக்கிய பரப்பில் ஒளி பட்டால், கதிர் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். மாக்ஸ்வெல் சமன்பாடுகளையே நேராகத் தீர்க்க வேண்டும். அப்பே கண்ட அதே பாடம் வேறொரு வாசல் வழியே மறுபடியும் உள்ளே வந்தது.

அதிலும் கடினமானது, கேள்வி தலைகீழாக வருவது. பரப்பு இன்னது, அதிலிருந்து ஒளி எப்படிச் சிதறும் என்று கேட்பது சுலபம். ஒளி இப்படிச் சிதற வேண்டும், அதற்குப் பரப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் ஆலை கேட்கும் கேள்வி. ஆற்றில் வெள்ளம் வருவதைப் பார்த்து மலையில் மழை பெய்ததை ஊகிக்கும் சேஷவத் அநுமானத்தை நையாயிகர்கள் பேசுவார்கள்; காரியத்திலிருந்து காரணத்திற்குச் செல்லும் வழி அது. அந்த வழியில் உள்ள அபாயத்தை அவர்களே அறிந்திருந்தார்கள்: வெள்ளம் மழையால்தான் வர வேண்டும் என்பதில்லை, அணை உடைந்தும் வரலாம். இந்த அபாயத்திற்குக் கணித வடிவம் தந்தவர் பிரெஞ்சு அறிஞர் அடமார். விடை ஒன்று இருக்கிறதா, அது ஒன்றே ஒன்றுதானா, தரவு சிறிதளவு மாறினால் விடையும் சிறிதளவே மாறுமா என்ற மூன்றையும் நிரூபிக்காமல் ஒரு கணக்கைச் சரியாக அமைந்த கணக்கு என்று சொல்ல முடியாது. கீற்றணி விஷயத்தில் இந்த மூன்றுமே தவறக்கூடும். கம்பெனியின் பொறியாளர் ஒரு விடை வேண்டும் என்கிறார். மாணவன், இங்கே விடைகள் பல இருக்கலாம், அவற்றுள் சில உங்கள் இயந்திரம் ஓர் இம்மி பிசகினாலும் பயனற்றுப் போகும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. விநயத்தோடு, ஆனால் பின்வாங்காமல். வகுப்பறையில் வினாத்தாள் தருகிற கணக்குக்கு விடை உண்டு என்பது நிச்சயம்; வினா எழுதியவரிடம் அது இருக்கிறது. ஆலையின் கேள்விக்கு விடை எவரிடமும் இல்லை. இந்த அநாத நிலையில் ஒரு மாணவனைச் சில ஆண்டுகள் நிறுத்துவதே உண்மையான உபதேசம் என்று நான் கருதுகிறேன்.

இனி நிபந்தனைக்கு வருகிறேன். ஆலையின் கேள்வியை ஏற்பது வேறு. ஆலையின் ஆசையை ஏற்பது வேறு. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி உலகிலேயே மிகத் துல்லியமாகத் தேய்க்கப்பட்ட கண்ணாடிகளுள் ஒன்று. ஆனால் தவறான உருவத்திற்குத் துல்லியமாகத் தேய்க்கப்பட்டது. அதைச் சோதிக்கும் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் மாறி இருந்ததால், கண்ணாடியின் விளிம்பு இரண்டு மைக்ரான் அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. 1990-இல் அது விண்ணில் ஏறிய பிறகே மங்கிய படங்கள் வந்து உண்மையைச் சொல்லின. 1993-இன் இறுதியில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தினார்கள். இதில் என் மனத்தை வருத்துவது பிழையன்று. பிழை மனித சுபாவம். தேய்க்கும்போதே செய்த வேறு இரண்டு சோதனைகள் ஏதோ தவறு என்று காட்டின. அவை அத்தனை துல்லியமானவை அல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள். கெடு நெருங்கியிருந்தது, செலவு எல்லை மீறியிருந்தது, வெளியார் எவரும் அந்தக் கூடத்துள் நுழைந்து கேள்வி கேட்கும் ஏற்பாடு இருக்கவில்லை. அப்பேயின் பட்டறையில் கண்ணாடி பேசியபோது கேட்க ஒருவர் இருந்தார். இங்கே கண்ணாடி பேசியும் கேட்பாரில்லை.

ஆகவே, உபயோகம் ஞானத்தை மாசுபடுத்துவதில்லை, அடிமைத்தனம் மாசுபடுத்துகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் தூய்மை விரும்பிகள் தந்தக் கோபுரத்தில் ஏறிக்கொள்கிறார்கள். ஸ்பினோஸாவை எண்ணிப் பார்க்கலாம். தன் சமூகத்தால் 1656-இல் விலக்கி வைக்கப்பட்ட அந்த ஞானி லென்ஸ் தேய்த்துக் கொடுத்து வாழ்ந்தார். ஒளியியல் அறிஞர் ஹைகன்ஸ் போன்றவரே அவருடைய லென்ஸ்களின் நயத்தை மெச்சினார். லைப்னிட்ஸ் ஒளியியல் பற்றி அவருக்குக் கடிதம் எழுதினார். 1673-இல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி அளிக்க முன்வந்தது. நாட்டின் மதத்தைக் கலக்காமல் சிந்திக்கலாம் என்று சுதந்திரத்திற்கு ஓர் எல்லையும் குறித்தது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று தமக்குத் தெரியாது என்ற கருத்தில் மரியாதையாக மறுத்துவிட்டு, அவர் தேய்ப்புச் சக்கரத்திடமே திரும்பினார். அவருடைய சுதந்திரம் பல்கலைக்கழகத்தில் இல்லை, பட்டறையில் இருந்தது. வேறொரு காலத்தில், வேறொருவருக்கு, இது மாறி அமையலாம். இடம் ஒருபோதும் தானாகவே தூய்மை தருவதில்லை.

பலனில் பற்றில்லாமல் கர்மம் செய் என்ற கீதையின் போதனையைப் பலனே இல்லாத கர்மத்தைச் செய் என்று பொருள் கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்பேயின் வாழ்க்கை அதற்கு மறுப்பு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெர்லினுக்கு அழைத்தும் அவர் யேனாவை விட்டுப் போகவில்லை. 1876-இல் ஆலையில் பங்குதாரரானார், செல்வம் குவிந்தது, சைஸ் மறைந்த மறு ஆண்டு, 1889-இல், ஓர் அறநிலையத்தை நிறுவித் தமக்கிருந்த உரிமைகளையெல்லாம் படிப்படியாக அதற்கு எழுதி வைத்தார். 1896-இல் அவர் வகுத்த சாசனத்தில், பதவி அளிப்பதில் பிறப்பையும் மதத்தையும் கட்சியையும் பார்க்கலாகாது என்றும், நிர்வாகிகளின் சம்பளம் தொழிலாளியின் சராசரி வருமானத்தைப் போல் பத்து மடங்குக்கு மேற்படலாகாது என்றும் விதிகள் உண்டு. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்கு ஆலையின் லாபத்திலிருந்து ஒரு பங்கு சென்றது. 1900-இல் எட்டு மணி நேர வேலைநாள் அங்கே நடைமுறைக்கு வந்தது. நூற்பாலையில் நின்றுகொண்டே உண்ட தந்தைக்கு மகன் செய்த சிராத்தம் அதுவே என்று சொன்னால் மிகையாகாது. இப்படிப்பட்டவரின் கணிதம் தொழிலோடு சேர்ந்ததால் தாழ்ந்தது என்று எந்த வாயால் சொல்வது?

எல்லா முதலாளிகளும் அப்பேக்கள் அல்லர் என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான், மாணவர்களைத் தொழிற்சாலைகளோடு இணைக்கும் ஏற்பாடுகள் பெருகிவரும் இந்த நாளில், துறைத் தலைவர்களையும் பேராசிரியர்களையும் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். கம்பெனியோடு ஒப்பந்தம் எழுதும்போது, பணத்தொகையையும் காப்புரிமையையும் பேசி முடிப்பதற்கு முன்னால், அந்த மாணவனையும் மேஜையருகே உட்கார வையுங்கள். முடிவு கம்பெனிக்குச் சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும் அதைத் தன் பெயரில், நியாயமான காலத்திற்குள் வெளியிடும் உரிமை அவனுக்கு உண்டு என்று ஒரு வாசகத்தை அதில் எழுதுங்கள். எழுத மறுக்கும் கம்பெனியின் பணத்தை, எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும், திருப்பி அனுப்பிவிடுங்கள்.